மூணு சுழி

விடிகாலை ஐந்தரைக்குப்
பின்கேட்டில் கறிக்கூடையோடு நிற்கிற ஆள்
இன்று இரவு எட்டு மணிக்கு
முன்வாசலில் செருப்பைக் கழற்றப் போனார்.
"போட்டுக்கிட்டே வாங்க சார்" என்றான் காவல்காரப் பையன்.
அவனுக்கு இவரைத் தெரியும்.
சார் என்று சொல்லும்போது மட்டும்
வேறெங்கோ பார்த்தான்.

கானாடுகாத்தானில் நாலு கட்டு வீடு,
ஓட்டலாகி எட்டு வருஷம்.
இரண்டாம் கட்டில் மேசை போட்டிருந்தார்கள்.
மேலே திறந்த வானம்,
அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குவார்கள் போல.

எல்லாம் மகள் ரூபிகாவின் ஏற்பாடு.
கோயம்புத்தூரில் இருந்தபடி
போனிலேயே இடம் பிடித்துவிட்டாள்.
"அம்மாவுக்கு நாற்பத்தஞ்சு" என்று சொன்னாளாம்.
ஆதார் கணக்குக்கு அது சரி.
பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார்
வாய்க்கு வந்த தேதியைப் போட்டார்.
நான் பிறந்தது
கொப்புடையம்மன் தேர் நிலைக்கு வந்த மறுநாள், நல்ல மழை.
அந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை.

அட்டை கல்யாணப் பத்திரிகை கனம்.
விலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
எழுத்துக்கூட்டிப் படித்தார்:
மரக்கரி நெருப்பில் வாட்டிய ஆட்டுத்தொடை ஸ்டேக்.
பிறகு என் பக்கம் குனிந்து,
"இது நம்ம பின்சப்பை. முந்தாநாள் போட்டது."

"எந்தப் பதத்துல வேணும் சார்?
உள்ள சிவப்பா, பாதிச் சிவப்பா, முழுசா வெந்தா?"

இருபத்தாறு வருஷமாகக் கத்தி பிடிக்கிறார்.
எலும்பு போடாதே என்பார்கள்,
கொழுப்பைத் தள்ளு என்பார்கள்,
ஈரல் இருக்கா, நேற்றுப் போட்டது இல்லையே என்பார்கள்.
உனக்கு எப்படி வேண்டும் என்று
பள்ளத்தூரில் ஒருத்தரும் கேட்டதில்லை.
வாயைத் திறந்து மூடினார்.

நான்தான் சொன்னேன்:
"சிவப்பு வேண்டாம் தம்பி.
பகலெல்லாம் அதைத்தான் பாக்குறாரு."

கறி வந்ததும் கத்தியை எடுத்து
பெருவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தார்.
"சாணை கண்டு வருஷமாச்சு."
ஆனாலும் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து
நார் ஓடும் திசையைத் தேடி
குறுக்கே, ஒரே அளவாய் அறுத்து
திருப்பித் தள்ளினார்.
வாயில் வைத்தேன்.
வீட்டில் நான் மிளகாயும் சோம்பும் கல்பாசியும் போட்டு
என்னத்தையெல்லாம் மூடியிருக்கிறேன் என்று
அப்போதுதான் தெரிந்தது.
சொல்லவில்லை.
என் குழம்பை நானே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

விளக்கைத் தணித்தார்கள்.
நாலு பையன்கள் கைதட்டிக்கொண்டு
கேக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள்.
வெள்ளைப் பாலாடை மேல் சிவப்பு எழுத்தில்
வள்ளிக்கன்னு.

ரெண்டு சுழி.
கண்ணு, கன்னு ஆகியிருந்தது.

சிரிப்பை அடக்கினேன், மூக்கு வழியாக வந்தது.
இவர் சிரிக்கவில்லை.
"வெட்டுங்க சார், சேர்ந்து வெட்டுங்க" என்றார்கள்.
ஒரு நாளைக்கு நாலு ஆடு,
ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பார்க்கிற கை
அந்தரத்தில் நின்றது.

"இரு" என்றார்.
கத்தி நுனியில் ஓரத்துச் சிவப்பை வழித்து
ஒரு சுழி கூட்டினார்.
அடுத்த எழுத்துக்கும் ஒன்று.
நாக்கைக் கடித்துக்கொண்டு,
எலும்பில் ஒட்டிய சவ்வை எடுக்கிற கவனத்தோடு.
எழுத்து கோணலாகத்தான் இருந்தது.
"இப்ப வெட்டு" என்றார்.

பில் நாலாயிரத்து முந்நூற்று எண்பது.
இதே ஓட்டல் இவருக்குத் தர வேண்டியது
இரண்டு மாதப் பாக்கி, அறுபத்திரண்டாயிரம்.
கழித்துக்கொள்ளச் சொல்வாரோ என்று
முகத்தையே பார்த்தேன்.
சட்டைப்பையிலிருந்து
கடை வாசம் போகாத நோட்டுகளை எடுத்து
இரண்டு தரம் எண்ணி வைத்தார்.
அதற்கு மேல் நூறு ரூபாய், பையன்களுக்கு.

வாசலில் வண்டியை உதைக்கும்போது
காவல்காரப் பையன் ஓடிவந்தான்.
"அண்ணே, நாளைக்குப் பன்னெண்டு கிலோவாம்.
பின்கேட்டு சாவி மாத்தியிருக்காங்க,
வந்ததும் ஒரு கால் அடிங்க."

"அடிக்கிறேன்" என்றார் அடைக்கலம்.
மடியில் மீதிக் கேக்கு.
பள்ளத்தூர் திருப்பத்தில் வண்டி குலுங்கியது.
பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.